ஒரு கல்லில் மூன்று வணக்கம்

1911ஆம் ஆண்டில், காலி நகரத்திலே வீதியொன்றின் மதகை மூடியிருந்த ஒரு கற்பலகை, மாகாணப் பொறியியலாளர் ஒருவரின் கண்ணிற் பட்டது. நீர் ஓடுவதற்காக அமைத்த வாய்க்காலின் மேல், வண்டிகளும் மாந்தரும் கடந்து செல்லும் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, எத்துணைக் காலமாகவோ அது அங்கே கிடந்தது. தூக்கிக் கழுவிப் பார்த்தபோது அதிலே எழுத்துகள் காணப்பட்டன. ஒரு மொழியின் எழுத்துகள் அல்ல. மூன்று மொழிகளின் எழுத்துகள். சீனமும் தமிழும் பாரசீகமும் ஒரே பலகையிற் பொறிக்கப்பட்டிருந்தன. இன்று அக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றது.

அதன் உயரம் ஏறக்குறைய 4 அடி 9 அங்குலம். அகலம் 2 அடி 6 அங்குலம். கனம் 5 அங்குலம். மேல் விளிம்பின் இரு மூலைகளும் வளைவாகச் செதுக்கப்பட்டுள்ளன. உச்சியில் இரண்டு பறவை நாகங்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. அவை சீன நாட்டுச் சிற்பிகள் தங்கள் அரசனுக்குரிய சின்னமாகப் பொறிக்கும் உருவங்கள். அவற்றின் கீழே வலப்புறத்தில், மேலிருந்து கீழாகச் சீன எழுத்து இறங்குகின்றது. இடப்புறத்து மேற்பாதியில் தமிழும், அதன் கீழே பாரசீகமும் அமைந்துள்ளன. சாசனத்தின் காலம் சீனச் சக்கரவர்த்தி யொங்லோ ஆட்சியின் ஏழாம் ஆண்டு, இரண்டாம் மாதம், முதலாம் நாள் எனக் குறிக்கப்பட்டுள்ளது. அது 1409ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15ஆம் நாளுக்குச் சமமாகும்.

சாசனத்தைப் பற்றி முதன்முதல் விரிவாக எழுதியவர் ஈ. டபிள்யூ. பெரேரா என்னும் நியாயவாதி. 1913ஆம் ஆண்டு அவர் அதனை அறிஞர் உலகுக்கு அறிமுகஞ் செய்தார். பின்னர் 1933இல், சாசன ஆராய்ச்சியிற் புகழ்பெற்ற செனரத் பரணவிதான அதன் தமிழ்ப் பகுதியைப் படித்து வெளியிட்டார். மூன்று பகுதிகளுள் சீனம் நன்கு எஞ்சியிருக்கின்றது. தமிழும் பெரிதும் படிக்கக் கூடியதே. பாரசீகப் பகுதிதான் மிகவும் சிதைந்துவிட்டது. எனினும் அஃது இஸ்லாமியரின் வழிபாட்டை நோக்கி எழுந்தது என்பதில் ஐயமில்லை.

இம்மூன்று பகுதிகளும் கூறுவது யாது? மூன்று மொழிகள் என்றவுடன், ஒரே செய்தியை மூன்று கூட்டத்தாருக்கும் விளங்கும்படி பெயர்த்து எழுதியிருப்பர் என்றே எவரும் எண்ணுவர். அரசாங்க அறிவித்தல்கள் எந்நாட்டிலும் அவ்வாறே அமைவன. ஆனால், காலிக் கல்லின் இயல்பு வேறு. சீனப் பகுதி புத்த பகவானை முன்னிலைப்படுத்தி, அவர் அருளாலே கடற்பயணங்கள் இடையூறின்றி நிறைவேறியமைக்கு நன்றி கூறுகின்றது. தமிழ்ப் பகுதி, சீனத்துப் பேரரசன் இலங்கை இராச்சியத்துத் தெனாவரை நாயனாரின் பெருமையைக் கேள்வியுற்று, தன் தூதுவர் கையிலே காணிக்கை அனுப்பிவைத்த செய்தியைச் சொல்கின்றது. பாரசீகப் பகுதி அதே மன்னனின் காணிக்கையை இஸ்லாமிய நெறிக்குரிய சொற்களால் உரைக்கின்றது. அனுப்பியவன் ஒருவன், பெற்றுக்கொண்ட சந்நிதிகளோ மூன்று.

காணிக்கைகளின் அளவு கருதத்தக்கது. புத்தருக்குப் பொன் 1000, வெள்ளி 5000, பட்டுச் சுருள்கள் 100, சீன நிறையளவில் 2500 ‘கட்டி’ வாசனை எண்ணெய். இவற்றோடு தூபக் கலசங்களும் பூச்சாடிகளும் விளக்குகளும் பிறவும். தெனாவரை நாயனாருக்கும் பொன் 1000, வெள்ளி 5000, எண்ணெய் 2500 ‘கட்டி’. பாரசீகத்தில் எஞ்சியுள்ள வரிகளும் ஏறக்குறைய இதே அளவைக் காட்டுகின்றன. ஒரு சந்நிதிக்கு ஏற்றமும் மற்றொன்றுக்குத் தாழ்வும் நேராதபடி நிறுத்துக் கொடுத்த கை அது. சம்பந்தி வீட்டாருக்குச் சீர் அனுப்பும் குடும்பத் தலைவி, எவரும் மனம் நோகாதபடி ஒவ்வொரு தட்டையும் மும்முறை பார்த்து நிரப்புவாள் அல்லளோ? அத்தகைய கவனத்தை அப்பட்டியலிலே காணலாம்.

இக்கல்லைச் சுமந்துவந்த கப்பற்படைக்குத் தலைவர் செங் ஹோ என்பவர். அவருடைய வரலாறு கல்லின் கருத்தை மேலும் விளக்குவதாகும். 1371ஆம் ஆண்டளவில், சீனத்தின் தென்மேற்கிலுள்ள யுன்னான் மாகாணத்திலே, ஒரு முஸ்லிம் குடும்பத்தில் அவர் பிறந்தார். அவருடைய தந்தையும் பாட்டனாரும் மக்கா யாத்திரை செய்தவர்க்குரிய ‘ஹாஜி’ என்னும் சிறப்புப் பெயரால் வழங்கப்பட்டனர். மிங் வமிசத்துப் படைகள் யுன்னானைக் கைப்பற்றியபோது, சிறுவனாயிருந்த அவர் சிறைப்பட்டு, அரண்மனைப் பணிக்கு உட்படுத்தப்பட்டார். பின்னர் அரசகுமாரரின் நம்பிக்கைக்கு உரியவராகி, அவ்வரசகுமாரர் யொங்லோ சக்கரவர்த்தியானபோது பெரும் பதவி எய்தினார். 1405ஆம் ஆண்டு முதல் 1433ஆம் ஆண்டு வரை சீனக் கப்பல்கள் ஏழு முறை இந்து சமுத்திரத்தில் உலாவின. அப்பயணங்களின் தலைமை அவருடையதாகும்.

முஸ்லிம் குடும்பத்திற் பிறந்த இவரே பௌத்த சூத்திர நூலை அச்சிட்டு வழங்கவும் பொருளுதவி புரிந்தார். 1431ஆம் ஆண்டில், தம் இறுதிப் பயணத்துக்குப் புறப்படுமுன், சீனக் கரையோரத்துச் சாங்லே என்னும் இடத்திலே, மாலுமிகள் வணங்கும் கடல் தேவதைக்கு நன்றி கூறி ஒரு கல்வெட்டையும் நாட்டுவித்தார். பல்லாயிரவர் ஏறிச்செல்லும் கப்பல்களின் தலைவனுக்கு, ஒவ்வொரு மாலுமியும் புயல் வேளையில் எப்பெயரைச் சொல்லி அழைப்பான் என்பது தெரிந்திருத்தல் வேண்டும் அன்றோ? கடல் அவருக்குக் கற்பித்த பாடம் அது.

இனி, இந்த மூன்று மொழிகளும் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டன என்பதையும் நோக்குதல் நன்று. அக்காலத்து இந்து சமுத்திரத் துறைமுகங்களிலே முஸ்லிம் வணிகரிடையே பெரிதும் வழங்கிய மொழிகளுட் பாரசீகம் ஒன்று. தென்னிந்திய வணிகரும் இலங்கைக் கரையோர வணிகரும் கொண்டும் கொடுத்தும் பழகிய மொழி தமிழ். சீனம் வந்தவரின் மொழி. ஆகவே இம்மூன்று மொழிகளும் கற்பனையிலே தோன்றியவை அல்ல. தென்னிலங்கைத் துறைகளிலே ஒருவரோடொருவர் தோளுரசி வாழ்ந்த மக்களின் நாவிலிருந்து கல்லுக்குச் சென்றவை. தூதுவர் வந்து ஒற்றுமையைப் படைக்கவில்லை. இருந்ததைக் கண்டு மதித்தார்.

இருந்தது என்பதற்குச் சான்று உண்டா? உண்டு. இக்கல் பொறிக்கப்படுவதற்கு 65 ஆண்டுகளுக்கு முன், 1344இல், மொறொக்கோ நாட்டு யாத்திரிகராகிய இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். புத்தளப் பகுதியிலே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னன் முத்துகளைக் காட்டி உபசரித்து, வேண்டுவது யாதெனக் கேட்டபோது, ஆதம் நபியின் பாதச் சுவட்டைத் தரிசித்தல் ஒன்றே தம் விருப்பம் என்றார் அவர். சைவ மன்னன் அம்முஸ்லிம் யாத்திரிகருக்குப் பல்லக்குக் கொடுத்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் துணையாக அனுப்பினான். இதனை இப்னு பதூதாவே தம் பயண வரலாற்றிற் கூறியுள்ளார்.

அவர்கள் ஏறிய மலை யாது? சைவர் அதனைச் சிவனொளிபாதமலை என்பர். பௌத்தர் ஸ்ரீ பாதம் என்று போற்றுவர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். கிறித்தவருள்ளும் அச்சுவட்டை ஆதாமோடோ, அப்போஸ்தலராகிய தோமையாரோடோ தொடர்புறுத்துவோர் இருந்துள்ளனர். அன்று அவ்வழியே நடந்த கூட்டத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்த்தல் தகும். யோகி தேடிச் சென்றது சிவபெருமான் திருவடி. பல்லக்கில் இருந்தவர் தேடிச் சென்றது மனித குலத்தின் முதல் தந்தையின் அடிச்சுவடு. வழியோ ஒன்று, குளிரும் ஒன்று, ஏறும்போது பற்றிக்கொண்ட இருப்புச் சங்கிலியும் ஒன்று. உன் பெயரை விட்டு என் பெயரைச் சொல் என்று ஒருவரும் மற்றவரைக் கேட்டதாக அவ்வரலாற்றிலே இல்லை. மலையும் அவ்வாறு கேட்கவில்லை.

மலையிலிருந்து இறங்கிய இப்னு பதூதா தென்கரையிலுள்ள தீனவர் என்னும் ஊரை அடைந்தார். வணிகர் நிறைந்த பேரூர் எனவும், அங்கே பெரியதொரு கோயில் உண்டு எனவும், பிராமணரும் யோகியருமாக ஏறக்குறைய ஆயிரவர் பணி செய்தனர் எனவும், சந்நிதியிலே பெண்கள் ஐந்நூற்றுவர் ஆடியும் பாடியும் வந்தனர் எனவும் அவர் எழுதினார். அந்தத் தீனவர் இன்றைய தேவேந்திரமுனையே. காலிக் கல்லில் வரும் தெனாவரை நாயனாரும் அத்தலத்துத் தெய்வமே. அத்தெய்வத்தைத் திருமால் எனக் கொள்வர் ஆராய்ச்சியாளர். சிங்கள பௌத்தர் உபுல்வன் என்னும் பெயரால் இலங்கையின் காவற்றெய்வமாக வணங்கினர். சைவ மரபோ அத்தலத்தைத் தொண்டேச்சரம் எனப் போற்றும். ஒரே வாயிலிற் பல பெயர்களோடு மக்கள் நுழைந்த தலம் அது.

இவ்வளவுங் கேட்ட ஒருவர், இதிலே பக்தி எங்கே இருக்கின்றது? வணிகத் தந்திரம் அல்லவா இது? என வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத்தக்கது அன்று. கல் பொறிக்கப்பட்ட அதே மூன்றாம் பயணத்திலேதான், செங் ஹோவின் படைகள் இத்தீவிலே போர் செய்தன. அழகக்கோனார் என்னும் பெயரால் வழங்கிய தலைவன் தோற்றுச் சிறைப்பட்டான். 1411ஆம் ஆண்டில் சீனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டான். சக்கரவர்த்தி பின்னர் அவனை விடுதலை செய்தார் எனச் சீன வரலாற்றேடுகள் கூறும். ஆக, ஒரு கையிலே காணிக்கை. மறு கையிலே வாள். இதனை மறைத்துவிட்டுக் கல்லை மட்டும் புகழ்வது வரலாறு ஆகாது.

இன்னொரு குறையுங் கூறப்படல் வேண்டும். புத்தரை வணங்கும் பகுதி அக்கல்லிலே சீனத்தில் உள்ளது. அக்கல் வந்து சேர்ந்த மண்ணிலே பெரும்பாலோர் பேசிய சிங்கள மொழி அதிலே இடம்பெறவில்லை. மூவரை மதித்த கல்லும் நான்காமவரின் நாவை மறந்தது. எத்துணைப் பெருந்தன்மையோடு வரைந்த பட்டியலிலும் யாரோ ஒருவர் விடுபட்டுப் போவர் என்பதற்கு இது சான்று. ஆகவே பட்டியலை எழுதி முடித்தவுடன் எழுத்தாணியைக் கீழே வைத்துவிடலாகாது; யாரை விட்டோம் என்று மறுபடியும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

குறைகள் இருப்பினும் கல்லின் மதிப்புக் கெடவில்லை. தந்திரமே என்று கொண்டாலும், அத்தந்திரம் எதை நம்பிச் செய்யப்பட்டது? ஒருவனுடைய மனத்தை வெல்ல விரும்புவோன், அவன் வணங்கும் பொருளை மதித்தல் வேண்டும் என்னும் உண்மையை நம்பி. அவனை அவன் மொழியிலேயே விளித்தல் வேண்டும் என்னும் உண்மையை நம்பி. வலிமை மிக்க பேரரசின் தூதுவர், சிறு தீவின் கரையிலே, என் தெய்வத்தை வணங்குக எனக் கட்டளையிட்டு ஒரு கல்லை நாட்டியிருக்கலாம். அவ்வாறு நாட்டியோர் பலரை உலக வரலாறு அறியும். இவர் கொண்டுவந்த கல்லோ, உம்முடைய தெய்வத்தின் பெருமையைக் கேள்வியுற்றோம் என்று சொல்லுகின்றது. இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள தொலைவு, கடலின் தொலைவினும் பெரிது.

இக்கருத்து செங் ஹோவுக்கு முன்னரும் கல்லேறியது. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே, அசோகச் சக்கரவர்த்தி தம் பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தில், தன் சமயத்தை உயர்த்துவதாக எண்ணிப் பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே ஊறு செய்பவனாகிறான் என்னும் கருத்தைப் பொறித்தார். நாவடக்கமே சமயங்களின் சாரம் வளர வழி என்பதும், பிறர் கொள்கையைச் செவிமடுத்தல் நன்று என்பதும் அச்சாசனத்தின் பொருள். பௌத்தத்தை உளமார ஏற்று, தன் மகனாகிய மகிந்தனையே தர்மதூதனாக இலங்கைக்கு அனுப்பினான் என்று மகாவமிசம் போற்றும் மன்னன் கூறியது இது. ஒன்றிலும் நம்பிக்கை இல்லாதவன் எல்லாம் ஒன்றே என்று கூறுவது எளிது. தன் நெறியை உயிரினும் மேலாகக் கொண்டவன் பிறன் நெறிக்கு வழிவிடுவதே அரிது. அதனாலேயே அது பெரிது.

சமய உள்ளம் மனிதரின் வேற்றுமையைக் காணும் விதம் இத்தகையது. ஒரே நிறப் பூவால் மாலை கட்டலாம். ஆயினும் இறைவன் தன் தோட்டத்திலே ஒரே பூவை மட்டும் மலரச் செய்யவில்லை. மக்களைப் பல குலத்தினராகவும் பல கூட்டத்தினராகவும் ஆக்கியது அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் பொருட்டே என்பது இஸ்லாமியரின் வேதம் தரும் கருத்து. எவ்வடிவிலே வழிபடினும் அவ்வடிவிலே இறைவன் எழுந்தருள்வான் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. பௌத்தரின் மைத்திரி, உயிர்களுள் ஒன்றையும் விலக்காமற் பரவுவது. மனிதர் அனைவரும் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டனர் என்பது கிறித்தவரின் விசுவாசம். இவை நான்கும் ஒரே வாக்கியம் அல்ல. நான்கு வீட்டிலிருந்து நான்கு வழியாக வந்து, அயலான் முன் கைகூப்பி நிற்கும் ஒரே இடத்திற் சந்திக்கின்றன.

அவ்விடத்திலிருந்து மக்கள் வழுவியபோதெல்லாம் கல்லுக்கும் மனிதருக்கும் துன்பமே விளைந்தது. 1588ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தேவேந்திரமுனைக் கோயிலைக் கொள்ளையிட்டு அழித்தனர். இப்னு பதூதா வியந்த சந்நிதியும், சீனச் சக்கரவர்த்தி காணிக்கை செலுத்திய சந்நிதியும் ஒரே நாளிலே நெருப்புக்கு இரையாயின. காலிக் கல்லைப் பற்றிய கட்டுரை வெளிவந்து இரண்டு ஆண்டுகளே சென்றன. 1915இல், கண்டியிலே வெசாக்குக் கால ஊர்வலம் ஒன்று பள்ளிவாசலைக் கடப்பதைப் பற்றி மூண்ட பிணக்குச் சிங்கள முஸ்லிம் கலகமாக நாடெங்கும் பரவியது. புத்தருக்கும் அல்லாஹ்வுக்கும் ஒரே கல்லிலே செய்த வணக்கத்தை உலகுக்கு எடுத்துக்காட்டிய அதே பெரேரா, கலகத்தை அடக்கிய ஆட்சியாளர் இழைத்த கொடுமைகளுக்கு நீதி கேட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரிலே இத்தீவு இழந்தவற்றை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இழந்தவர் இல்லாத ஊர் அரிது.

எனினும் தேவேந்திரமுனையிலே கோயில் மீண்டும் எழுந்தது. ஆண்டுதோறும் அங்கே எசலப் பெரகரா நடைபெறுகின்றது. சிவனொளிபாதமலையிலும் மார்கழித் தொடக்கம் வைகாசி வரை இரவிரவாக விளக்கொளியில் மக்கள் ஏறுகின்றனர். மேலிருந்து இறங்கும் முதியவர், கீழிருந்து ஏறும் சிறுவனுக்கு வாழ்த்துக் கூறி வழிவிடும்போது, அவன் எச்சமயத்தான் என்று கேட்பதில்லை. மதகின் மேல் மிதிபட்டுக் கிடந்த கல்லும் எழுந்து நிற்கின்றது.

கொழும்புக்குச் செல்வோர் அக்கல்லின் முன் சிறிது நேரம் நிற்றல் நன்று. தமிழர் தம் எழுத்தை அங்கே அடையாளங் காண்பர். ஆயினும் அது கல்லின் மூன்றில் ஒரு பங்கே. பாரசீகத்தின் எழுத்து அறபு எழுத்தைப் பயின்ற முஸ்லிம் ஒருவருக்குப் பழக்கமானது. மற்றை இரண்டும் அவருக்கு அரியன. சீனர் ஒருவருக்குத் தம் பகுதி அன்றி மற்றவை வெறுங்கோடுகளே. தனித்து நிற்கும் எவர்க்கும் அக்கல் முழுமையாக விளங்காது. அதனை முழுதும் படித்தல் வேண்டுமாயின், அருகில் நிற்பவரிடம், ‘உங்கள் பகுதி என்ன சொல்கின்றது?’ என்று கேட்டே ஆகவேண்டும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டிய எழுத்து அவ்வினாவுக்காகவே இன்றும் காத்திருக்கின்றது.